புகை போகும் வழி: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் சைலன்சர் அடைப்பைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சைலன்சரை விட்டுவிட்டு, அதற்கு முன்னால் இன்ஜினை ஒட்டி இருக்கும் உறுப்பைப் பற்றிக் கேட்கின்றன. எல்லா சிலிண்டர்களின் புகையையும் ஒன்றாகத் திரட்டி வெளியே அனுப்பும், வண்டியோடு வந்த வார்ப்பிரும்பு மேனிபோல்டைக் கழற்றிவிட்டு, சிலிண்டருக்கு ஒரு குழாய் வீதம் வளைத்து ஒன்றாகச் சேர்த்த ஹெட்டரை வெளியில் வாங்கி மாட்டலாமா என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். ஆகவே இந்த மாதப் பக்கங்களை அதற்கே ஒதுக்கிவிட்டேன். பெயர் வேண்டாம் என்று சிலர் எழுதியிருப்பதால் எல்லோரையும் ஊர்ப் பெயரால் மட்டுமே குறிப்பிட்டிருக்கிறேன்.

*

ஐயா, எனக்குச் சொந்த ஊர் குளச்சல். மஸ்கட்டில் 14 ஆண்டுகளாக வேலை. 2005 மாடல் அமெரிக்க பிக்கப் ஒன்று வைத்திருக்கிறேன், 5.3 லிட்டர் வி8 பெட்ரோல் இன்ஜின், அலுமினிய சிலிண்டர் ஹெட். காலையில் ஸ்டார்ட் செய்ததும் தையல் மெஷின் ஓடுவதுபோல ஒரு சத்தம் கேட்டு, பத்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது. மேனிபோல்டின் பின்பக்க போல்ட் ஒடிந்திருக்கிறது என்கிறார் மெக்கானிக். எப்படியும் கழற்றத்தான் போகிறோம், ஹெட்டரே போட்டுவிடு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நீளக் குழாய் ஹெட்டர் நல்லதா, குட்டைக் குழாயா? வாரத்தில் 2 நாள் டிரெய்லரில் ஜெனரேட்டர் இழுக்கும் வேலை உண்டு.
– குளச்சல் வாசகர்

உங்கள் மெக்கானிக் சொன்னது சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். குளிர்ந்த இன்ஜினில் கேட்கும் சத்தம் சூடானதும் மறைகிறது என்றால், மேனிபோல்டு விரிந்து இடைவெளியைத் தானே அடைத்துக்கொள்கிறது என்று பொருள். வால்வைத் தள்ளும் டேப்பட்டும் சில வேளைகளில் இப்படிச் சத்தமிடும் என்பதால், ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஒரு டார்ச்சை எடுத்து, சிலிண்டர் ஹெட்டும் மேனிபோல்டும் சேரும் விளிம்பைப் பாருங்கள். அங்கே கண்மை தீட்டியதுபோல ஒரு கரிக்கோடு இருந்தால் ஐயமே வேண்டாம்.

போல்ட் ஏன் ஒடிகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், எதை வாங்குவது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப்போல ஏறத்தாழ இரு மடங்கு விரியும் என்றாலும், உள்ளே தண்ணீர் ஓடுவதால் சிலிண்டர் ஹெட் 100 டிகிரியை ஒட்டியே நின்றுவிடுகிறது, 45 செ.மீ. நீளத்துக்கு அது முக்கால் மில்லிமீட்டர் அளவே நீளும். மேனிபோல்டோ லோடு இழுக்கும்போது 400 டிகிரி ஏறினால் அதே நீளத்துக்கு 2 மி.மீ. நீளும். இந்த இழுபறியில் நடுப் போல்ட்டுகளுக்கு ஒன்றும் ஆவதில்லை; இரண்டு ஓரங்களிலும் இருக்கும் 8 மி.மீ. போல்ட்டுகள்தாம் ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒருமுறை வளைந்து, ஒருமுறை நிமிர்ந்து, ஆண்டுகள் கழித்து ஒருநாள் தலையை இழக்கின்றன. ஆகவே வார்ப்பிரும்பை எடுத்துவிட்டு ஹெட்டரைப் போட்டால் போல்ட் ஒடிவது நின்றுவிடும் என்ற எண்ணத்தில் யாரும் ஹெட்டர் வாங்க வேண்டியதில்லை. ஹெட்டரும் இரும்புதான், அதுவும் விரியும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருந்தால் சாதா இரும்பைப்போல ஒன்றரை மடங்கு வரை விரியும்.

இனி நீளமா குட்டையா என்பதற்கு வருவோம். ஒவ்வொரு சிலிண்டரும் புகையைத் தொடர்ச்சியாக விடுவதில்லை, பொட்டலம் பொட்டலமாகத் தள்ளுகிறது. சாதாரண மேனிபோல்டில் ஒரு சிலிண்டரின் பொட்டலம் பக்கத்துச் சிலிண்டரின் வாசலில் போய் மோதும். ஹெட்டரில் ஒவ்வொன்றுக்கும் தனிப்பாதை இருப்பதால் அந்த மோதல் தள்ளிப்போகிறது. அதோடு, குழாய்கள் ஒன்றுசேரும் இடத்தை அலை எட்டும்போது அங்கிருந்து ஓர் உறிஞ்சலலை திரும்பி வருகிறது. உள்வால்வும் வெளிவால்வும் ஒருசேரச் சற்றுத் திறந்திருக்கும் அந்தக் கணத்தில் இந்த உறிஞ்சல் வந்து சேர்ந்தால், எஞ்சிய புகையை வெளியே இழுத்துப் புதுக் காற்றுக்கு இடம் செய்து கொடுக்கும். சேராவிட்டால் ஒரு பலனும் இல்லை. எந்த வேகத்தில் அது சரியாக வந்து சேரும் என்பதைக் குழாயின் நீளமும் உள்விட்டமும் தீர்மானிக்கின்றன. நீளக் குழாயில் இந்த வேலை உண்மையாகவே நடக்கிறது. குட்டைக் குழாய் ஹெட்டர் என்பது, ஒளிவுமறைவின்றிச் சொன்னால், வழவழப்பாக வளைத்த ஒரு மேனிபோல்டு. அதில் கிடைக்கும் கூடுதல் பலத்தை ஓட்டுபவர் உணர்வது கடினம்.

அப்படியானால் நீளக் குழாயையே போடலாமே என்று கேட்பீர்கள். விற்பவர் காட்டும் இன்ஜின் பலத்தின் வரைபடத்தில் கோடு எங்கே உயர்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,000 சுற்றுக்கு மேலேதான் உயர்ந்திருக்கும். ஜெனரேட்டர் இழுக்கும் உங்கள் வண்டி பகல் முழுவதும் 1,800-க்கும் 3,000-க்கும் இடையில்தான் ஓடுகிறது. அந்தப் பகுதியில் என்ன கிடைக்கிறது என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம். விட்டம் பெரிதாக இருந்தால் புகை வேகமாகப் போகும் என்று நினைப்பதும் தவறு. அகன்ற குழாயில் புகையின் வேகம் குறைந்து, கீழ்ச் சுற்றில் இழுவை படுத்துவிடும். உங்கள் அளவு இன்ஜினுக்கு 1¾ அங்குலத்துக்கு மேல் போக வேண்டிய தேவை இல்லை.

நீளக் குழாயின் உண்மையான செலவு அதன் விலைச்சீட்டில் இல்லை. இரு பக்கப் புகையையும் ஒன்றாகச் சேர்க்கும் பழைய ஒய்-பைப் பொருந்தாது. புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைப் பின்னால் தள்ள வேண்டும். புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை அளக்கும் சென்சாரின் ஒயரை நீட்ட வேண்டும். அந்தச் சென்சார் இன்ஜினைவிட்டு விலகியதால் சூடேற நேரம் எடுத்து எச்சரிக்கை விளக்கை எரிய வைக்கும். பிறகு கம்ப்யூட்டரை மறுபடி சரிசெய்யச் சொல்வார்கள். அங்குள்ள ஆண்டுப் பரிசோதனையில் கன்வர்ட்டரின் இடம் மாறியதை ஏற்றுக்கொள்வார்களா என்பதை வாங்குவதற்கு முன்பே பரிசோதனை நிலையத்தில் நேரில் கேட்டுவிடுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால், பழைய மேனிபோல்டின் முகத்தை மில்லிங் போட்டுச் சமப்படுத்தி, புது கேஸ்கெட்டும் 12 போல்ட்டும் புதிதாகப் போட்டு வேலையை முடித்துவிடுவேன். மேனிபோல்டில் விரிசல் இருந்தால் மட்டும், கன்வர்ட்டரையும் சென்சாரையும் பழைய இடத்திலேயே விட்டுவைக்கும் குட்டைக் குழாய் ஹெட்டரை வாங்குவேன்.

எதை மாட்டினாலும் சில காரியங்களில் அவசரம் கூடாது. முந்தின நாள் இரவே எல்லா போல்ட்டுக்கும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். ஒடிந்த போல்ட்டின் தண்டு மேனிபோல்டைக் கழற்றியதும் சிறிது நீட்டிக்கொண்டிருந்தால், அதன்மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டிங் அடித்து, ஆறத் தொடங்கும்போது மெல்லத் திருப்பினால், அந்தச் சூட்டிலேயே பிடி விட்டு வந்துவிடும். உள்ளேயே ஒடிந்திருந்தால் கை டிரில்லை நேராகப் பிடித்துவிடலாம் என்று நம்ப வேண்டாம். போல்ட்டைவிட அலுமினியம் மெத்தென்றிருப்பதால் டிரில் முனை வழுக்கிப் பக்கவாட்டில் இறங்கும். பிறகு அந்தத் துளைக்கு மரையே மிஞ்சாது. துளையின் நடுவைக் காட்டும் வழிகாட்டித் தகடு வைத்து, இடப்புறமாகச் சுற்றும் டிரில் முனையால் துளைக்கச் சொல்லுங்கள்.

மாட்டும்போது எல்லா போல்ட்டையும் கையாலேயே நாலைந்து மரை ஏற்றிவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொட வேண்டும். முறுக்குவது நடுவிலிருந்து ஓரத்துக்கு. உங்கள் வகை இன்ஜினுக்கு முதல் சுற்றில் 15 நியூட்டன் மீட்டர், இரண்டாம் சுற்றில் 25. அதற்கு மேல் ஒரு கால் திருப்பு கூட வேண்டாம். ஹெட்டராக இருந்தால், இடப்பக்கம் ஸ்டியரிங் தண்டுக்கும் வலப்பக்கம் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கும் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று விரலை விட்டுப் பாருங்கள். ஸ்பார்க் பிளக் ஒயர் குழாயில் உரசினால் ஒரு வாரத்தில் கருகிவிடும். முதல் ஸ்டார்ட்டில் கிளம்பும் புகையைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். அது குழாயில் இருந்த எண்ணெய் எரிவது.

*

எனது டர்போ டீசல் பிக்கப்பில் ரப்பர் தடி ஏற்றிக்கொண்டு பேச்சிப்பாறைப் பக்கத்து ஏற்றங்களில் வரும்போது முன்பு மூன்றாவது கியரில் ஏறியது, இப்போது இரண்டாவதுக்குப் போகிறது. கரும்புகையும் வருகிறது. ஹெட்டர் போட்டால் டர்போ நன்றாகச் சுற்றும் என்று ஒருவர் சொன்னார். சரியா?
– குலசேகரம் வாசகர்

சரியில்லை. இந்தக் கேள்விக்கு இவ்வளவு உறுதியாகப் பதில் சொல்ல முடிவதில் எனக்குச் சிறிது மகிழ்ச்சியும் உண்டு.

இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஊட்டும் டர்போவைச் சுற்றுவது புகையின் சூடும் அழுத்தமும். இன்ஜினிலிருந்து டர்போ வரையுள்ள வழி எவ்வளவு குட்டையாகவும் தடிப்பாகவும் இருக்கிறதோ, அவ்வளவுக்கு அந்தச் சூடு வழியில் வீணாகாமல் சக்கரத்தில் போய்ச் சேரும். வார்ப்பிரும்பு மேனிபோல்டு குட்டையாகவும் கனமாகவும் இருப்பது கம்பெனிக்காரர்களின் கஞ்சத்தனத்தால் அல்ல. மெல்லிய நீளக் குழாய்களைப் போட்டால் சூடு வழியிலேயே காற்றில் போய்விடும். டர்போ விழித்துக்கொள்ள இன்னும் நேரமாகும். அதற்கு மேல், கனமான டர்போவைத் தாங்கிக்கொண்டு காட்டுப் பாதையில் குலுங்குவதற்கு அந்த மெல்லிய குழாயால் முடியாது; வெல்டிங் வாயிலேயே விரிசல் விடும்.

நேற்று வரை இழுத்த வண்டி இன்று இழுக்கவில்லை என்றால், புதிதாக ஒன்றைச் சேர்ப்பதற்கு முன் எது கெட்டுப்போனது என்று தேட வேண்டும். கரும்புகை என்பது டீசல் இருக்கிறது, காற்று போதவில்லை என்று வண்டி சொல்வது. முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். எஸ்டேட் மண்சாலையின் செம்புழுதிக்கு, புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கெல்லாம் பொருந்தாது. அடுத்தது டர்போவிலிருந்து, காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ். உதவிக்கு ஒருவரை ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொல்லி, ஹோஸ் மீது சோப்புத் தண்ணீர் ஊற்றுங்கள். கிளிப் போட்டிருக்கும் இடத்தில் நுரை கொப்பளிப்பதை நான் எத்தனையோ வண்டிகளில் கண்டிருக்கிறேன். வெளியே பார்த்தால் ஹோஸ் முழுசாக இருக்கும். அடிப்புறத்தில், கை போகாத இடத்தில், கத்தியால் கீறியதுபோல ஒரு பிளவு இருக்கும்.

இவை இரண்டும் நன்றாக இருந்தால்தான் மேனிபோல்டுக்குப் போக வேண்டும். சிலிண்டர் ஹெட்டோடு சேரும் இடம், டர்போவோடு சேரும் இடம், இரண்டு புழைகளுக்கு நடுவே உள்ள பாலம் ஆகிய மூன்று இடங்களிலும் கரி படிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அங்கே கசிந்தால் டர்போவுக்குப் போக வேண்டிய புகை வெளியே போகிறது, அதற்குத் தக்கபடி காற்றும் குறைகிறது. விரிசல் விட்ட வார்ப்பிரும்பை வெல்டிங் வைத்து ஒட்டுவது எளிதல்ல. முழுதும் சூடேற்றி, நிக்கல் ராடு போட்டு, சாம்பலில் புதைத்து மெல்ல ஆற விடத் தெரிந்தவர் இருந்தால் செய்யலாம். இல்லையென்றால் புது மேனிபோல்டு வாங்குவதே லாபம்.

*

தோவாளையிலிருந்து பூ ஏற்றிக்கொண்டு தினமும் திருவனந்தபுரம் போகும் டாடா ஏஸ் எங்களுடையது. 702 சிசி பழைய டீசல் வண்டி. மைலேஜ் கூட ‘ஃப்ரீ ஃப்ளோ’ குழாய் போடச் சொல்கிறார்கள். போடலாமா அண்ணாச்சி?
– தோவாளை வாசகி

வேண்டாம் அம்மா. டர்போ இல்லாத 2 சிலிண்டர், 16 குதிரைத்திறன் இன்ஜின் அது. டீசல் இன்ஜினில் வால்வுகள் ஒருசேரத் திறந்திருக்கும் நேரமே மிகக் குறைவு. ஆகவே மேலே சொன்ன உறிஞ்சலுக்கு அங்கே வேலை இல்லை. மைலேஜ் டயர் காற்றிலும், இன்ஜெக்டரிலும், பிரேக் உரசாமல் இருப்பதிலும் கிடைக்கும். உங்கள் வண்டியில் இன்ஜின் சீட்டுக்கு அடியில் இருப்பதால், குழாயை மாற்றும்போது மூட்டு சரியாகப் பொருந்தாவிட்டால் சூடும் புகையும் நேராகக் கேபினுக்குள்தான் வரும். விடியுமுன் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டும் வண்டி என்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன்.

*

என்னுடையது பி.எஸ்.6 பெட்ரோல் மினி லாரி. இதற்கு டர்போ கிடையாது. அப்படியானால் ஹெட்டர் பலன் தரும் அல்லவா? எஃப்.சி.யில் (வண்டியின் தகுதிச் சான்றில்) பிரச்சினை வருமா?
– தக்கலை வாசகர்

உங்கள் முதல் கேள்வி நியாயமானது. டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினில்தான் ஹெட்டருக்கு உண்மையான வேலை இருக்கிறது. பழைய கார்புரேட்டர் ஜீப்பாக இருந்தால், 4 குழாயை முதலில் 2 ஆகவும் பிறகு 1 ஆகவும் சேர்க்கும் வகையைச் சொல்லியிருப்பேன். லோடு இழுக்கும் கீழ்ச் சுற்றுக்கு அதுவே பொருத்தம். 1-3-4-2 என்று எரியும் இன்ஜினில் 1-ஐயும் 4-ஐயும் ஒரு ஜோடியாகவும், 2-ஐயும் 3-ஐயும் மறு ஜோடியாகவும் சேர்க்க வேண்டும். ஜோடியை மாற்றிச் சேர்த்த ஒரு ஹெட்டரை நானே காசு கொடுத்து வாங்கி, ஆறு மாதம் கார்புரேட்டரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதையும் இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் பி.எஸ்.6 வண்டியின் நிலை வேறு. 2020 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள அந்தப் புகை வரம்புக்காக, பல பெட்ரோல் இன்ஜின்களில் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை மேனிபோல்டை ஒட்டியே வைத்துவிட்டார்கள். மேனிபோல்டைக் கழற்றினால் கன்வர்ட்டரும் கூடவே போய்விடும். அதன் பிறகு சென்சார் விளக்கு எரியும், புகைச் சான்றிதழ் கிடைக்காது, எஃப்.சி.யும் நிற்கும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 182ஏ பிரிவின்படி 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சத்தமும் புகையும் வரம்பு மீறினால் 190-ஆம் பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. லைசென்சும் 3 மாதத்துக்குத் தகுதி இழக்கும். டி.என். 74 ஆனாலும் 75 ஆனாலும் இதில் வேறுபாடு இல்லை. களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனாலும் சட்டம் இதுவேதான். வாடகைக்கு ஓடும் வண்டி ஒருநாள் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நின்றாலே ஹெட்டர் தரும் லாபம் கரைந்துவிடும்.

*

தேங்காப்பட்டணம் துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றும் வண்டி. உப்புக்காற்றும் ஐஸ் தண்ணீரும் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு சைலன்சரைத் தின்கின்றன. மேனிபோல்டும் துருப்பிடித்துச் செதில் செதிலாக இருக்கிறது. ஹெட்டர் முதல் கடைசிக் குழாய் வரை ‘எஸ்.எஸ்.’ஸில் அடித்துத் தருகிறேன் என்கிறார் ஒருவர். சூடு தெரியாமலிருக்கத் துணியும் சுற்றித் தருவாராம்.
– தேங்காப்பட்டணம் வாசகர்

மேனிபோல்டின் துரு மேல்தோலோடு நிற்கும். வார்ப்பிரும்பு பல மில்லிமீட்டர் தடிப்பு. அது உங்களைவிடவும் என்னைவிடவும் நீண்டநாள் இருக்கும். அதை அப்படியே விட்டுவிடுங்கள். அதற்குப் பின்னால் வரும் குழாயையும் சைலன்சரையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்வது நம் கடற்கரைக்கு நல்ல யோசனைதான், ஆனால் எந்த ஸ்டீல் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வீட்டு கேட்டுக்கும் மாடிப்படிக் கைப்பிடிக்கும் விற்கும் பளபளப்பான குழாய் பெரும்பாலும் 202 வகை. புகைக்குழாய்க்கு வேண்டியது 304. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டீல் என்று கடையில் காந்தத்தை வைத்துக் காட்டுவார்கள். 202-லும் காந்தம் ஒட்டாது என்பதால் அந்தச் சோதனைக்கு இங்கே மதிப்பில்லை. போதாக்குறைக்கு, கார் கம்பெனிகள் சைலன்சருக்கென்றே பயன்படுத்தும் 409 வகையில் காந்தம் நன்றாக ஒட்டும். ஸ்டீல் வியாபாரிகளிடம் ஒரு சிறு புட்டியில் சோதனைத் திரவம் இருக்கும். ஒரு சொட்டு விட்டு, சிறிய பேட்டரியை வைத்தால் மாங்கனீஸ் கூடுதலாக உள்ள 202-இல் நிறம் மாறும். உங்கள் கண்முன்னே அதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். குழாயின் தடிப்பு 1.2 மி.மீ. போதும் என்பார்கள்; 1.6 கேளுங்கள். 304-க்கு 308எல் கம்பியும், அதைச் சாதா இரும்பு ஃபிளான்சோடு, அதாவது போல்ட் மாட்டும் தகட்டோடு, சேர்க்கும் இடத்தில் 309எல் கம்பியும் போட வேண்டும். சாதா ராடு போட்டு ஒட்டினால் குழாய் பளபளவென்று இருக்க, மூட்டு மட்டும் அடுத்த மழைக்குள் செம்பழுப்பாகிவிடும்.

துணி சுற்றும் யோசனையை மட்டும் அந்த இடத்திலேயே மறுத்துவிடுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் என் ஜீப்பின் சாதா இரும்புக் குழாயில் ஆசைப்பட்டு அதைச் சுற்றினேன். பார்க்கப் பந்தயக் கார் போலவே இருந்தது. ஆனி, ஆடிச் சாரல் முழுவதையும் அந்தத் துணி குடித்து வைத்துக்கொண்டு, நிறுத்திப் போட்டிருந்த நாட்களில் குழாயை ஊறவைத்துவிட்டது. ஓணத்துக்கு முன் துணியை அவிழ்த்தபோது, கட்டைவிரலை வைத்து அழுத்திய இடத்தில் குழாய் பப்படம்போல நொறுங்கியது. சூட்டைத் தடுக்க வேண்டுமென்றால் குழாய்க்கும் கேபினுக்கும் நடுவே ஒரு தகட்டை, இரண்டுக்கும் காற்று போகும்படி இடைவெளி விட்டு மாட்டுங்கள்.

இன்னொன்று: உங்கள் சைலன்சர் வெளியிலிருந்து மட்டும் அரிப்பதில்லை. துறைமுகத்துக்கும் ஐஸ் கம்பெனிக்கும் இடையே சிறு சிறு ஓட்டமாக ஓடும் நாட்களில், புகையில் உள்ள நீராவி சைலன்சருக்குள்ளேயே தண்ணீராகித் தங்கி, உள்ளிருந்து தின்கிறது. அடிப்பாகத்தில் இருக்கும் ஊசித் துளையை ஓட்டை என்று நினைத்து அடைத்துவிடாதீர்கள். அந்தத் தண்ணீர் வடிவதற்காகத்தான் அது இருக்கிறது. நல்ல தண்ணீரில் வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவுங்கள், ஆனால் மேனிபோல்டு ஆறிய பிறகு.

*

ஐயா, ஐ.டி.ஐ. முடித்து மார்த்தாண்டத்தில் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். பழைய பெட்ரோல் ஜீப்புகளுக்கு நானே ஹெட்டர் செய்து மாட்டுகிறேன். ஓட்டம் நன்றாக இருக்கிறது, ஆனால் மூன்று மாதத்தில் கேஸ்கெட் ஊதிவிடுகிறது. நல்ல கேஸ்கெட் எங்கே கிடைக்கும்?
– மார்த்தாண்டம் வாசகர்

தம்பி, குறை கேஸ்கெட்டில் இல்லை என்று நினைக்கிறேன். உங்கள் ஹெட்டர் ஒன்றைக் கழற்றி, ஃபிளான்சின் முகத்தில் ஒரு நேர்ச்சட்டத்தை வைத்து, அடியில் இடைவெளி அளக்கும் ஃபில்லர் கேஜை நுழைத்துப் பாருங்கள். 0.20 மி.மீ. தகடு நடுவிலோ ஓரத்திலோ தாராளமாக நுழைந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. வெல்டிங் ஆறும்போது இரும்பைத் தன் பக்கம் இழுக்கும். நான்கு குழாயையும் ஒரே பக்கத்தில் வைத்து அடித்தால் ஃபிளான்ச் வில்லாக வளையத்தான் செய்யும். அதைப் போல்ட்டால் இறுக்கி நிமிர்த்திவிடலாம் என்று தோன்றும். சூடானதும் அது மறுபடி வில்லாகும்.

ஃபிளான்சுக்கு 10 மி.மீ. தகட்டை எடுங்கள். பழைய இரும்புக்கடையில் கிடைக்கும் கெட்டுப்போன சிலிண்டர் ஹெட் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, ஃபிளான்சை அதில் இறுக்கி மாட்டிய பிறகே வெல்டிங்கைத் தொடங்குங்கள். ஒரு குழாயை முழுசாக முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போகாமல், 1, 4, 2, 3 என்று மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக அடியுங்கள். முழுதும் ஆறிய பின்தான் கழற்ற வேண்டும். பிறகு லேத்தில் கொடுத்து முகத்தை மில்லிங் போட்டு வாங்குங்கள். அதன் பின், ஒரு புழைக்கும் அடுத்த புழைக்கும் இடையே ஃபிளான்சை ரம்பத்தால் அறுத்துத் தனித்தனியாக்கிவிட்டால், ஒவ்வொன்றும் தன் போக்கில் விரிந்துகொள்ளும். ஓரத்துத் துளைகளை நடுத்துளைகளைவிடச் சற்று அகலமாக விடுவதும் இதற்காகவே.

குழாயை வளைப்பதில் காய்ந்த மணலை நெருக்கமாகத் தட்டி நிரப்பி, இரு முனையையும் அடைத்துச் சூடேற்றி வளைக்கிறீர்களா, அல்லது வெறுமனே பைப் பெண்டரில் நசுக்குகிறீர்களா என்று எழுதவில்லை. மணல் ஈரமாக இருந்தால் நீராவி கட்டி அடைப்பைத் துப்பாக்கி ரவைபோலத் தெறிக்க வைக்கும். முந்தின நாளே வறுத்து ஆற வையுங்கள். குழாயின் வாய், ஹெட்டின் புழையைவிட ஒரு மில்லிமீட்டர் பெரிதாக இருக்கலாம், சிறிதாக இருக்கவே கூடாது. உள்ளே விரலை விட்டு வெல்டிங் பொருக்கு நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

அடுத்து, சைலன்சரின் பாரம் யார் தலையில் இருக்கிறது என்று பாருங்கள். இன்ஜின் மவுண்டிங் ரப்பரில் ஆடுகிறது, சைலன்சர் சேசிஸில் தொங்குகிறது. நடுவில் நெளியும் பெல்லோ குழாய் இல்லாவிட்டால் அந்த ஆட்டம் முழுவதையும் உங்கள் கேஸ்கெட் வாங்கிக்கொள்கிறது. ஹெட்டர் முடியும் இடத்துக்கு அருகே கியர்பாக்ஸிலிருந்து ஒரு தாங்கு பட்டையும், அதற்கடுத்து பெல்லோவும் வையுங்கள்.

ஸ்பிரிங் வாஷரைத் தூக்கி எறியுங்கள். இந்தச் சூட்டில் அதன் முறுக்கு போய்ச் சாதா வளையமாகிவிடும். செம்பு பூசிய நட்டைப் போட்டு, மாட்டியதும் ஒருமுறை நன்றாகச் சூடேற்றி, முழுதும் ஆறிய பிறகு மறுபடி முறுக்குங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை முறுக்க வேண்டும். வண்டிக்காரர்கள் இதற்கென்று திரும்பி வரமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். கூலியில் 200 ரூபாயைப் பிடித்து வைத்துக்கொண்டு, இரண்டாம் முறுக்குக்கு வரும்போது திருப்பித் தருவதாகப் பில்லிலேயே எழுதிக் கொடுங்கள், வருவார்கள்.